பேசுவதற்கு ஒரு பட்டமா?

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில், என் நெடுநாள் நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் இல்லம் வந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பயின்று, அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகி, ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். மகள் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பயில விரும்பினாள். தந்தைக்கோ அப்படிப்பின் பெயரே பிடிபடவில்லை. "மருத்துவம் என்றால் கையில் ஊசி இருக்கும், கணக்கியல் என்றால் பேரேடு இருக்கும், இந்தப் படிப்பு படித்தவன் கையில் என்னய்யா இருக்கும்? பேசுவதற்கு மூன்று ஆண்டுப் படிப்பா? நம் வீட்டில் யார் பேசாமல் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"வானொலி இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, நாளிதழ் இருக்கிறது, எங்கேனும் வேலை கிடைக்கும்" என்று எல்லாரும் கூறும் விடையையே அன்று நானும் கூறி அனுப்பினேன். அவர்கள் சென்ற பின்னர் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பல்லாண்டுகள் நாளிதழொன்றில் துணையாசிரியனாக இருந்தவன் நான். அத்துறையில் எத்தனை நாற்காலிகள் உள்ளன என்பதை அறிந்தவன் அவ்வாறு எளிதாகச் சொல்லியிருத்தல் கூடாது. நண்பரின் வினாவில் மூன்று வினாக்கள் அடங்கியிருந்தன. அப்படிப்பில் என்ன கற்பிக்கின்றனர்? கற்றதனால் பிழைப்புக்கு வழி உண்டா? மூன்றாவதை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. நம் மொழிக்கு அதில் ஏதேனும் இடம் உண்டா என்பதே அது.

ஒரு நாவலை, ஒரு கவிதைத் தொகுதியைத் திறனாய்வு செய்வதுபோல் ஒரு பாடத்திட்டத்தையும் திறனாய்வு செய்யலாம் என்பது என் கருத்து. அதற்கும் பாயிரம் உண்டு, இயல்கள் உண்டு, சொல்லாமல் விடுத்தவையும் உண்டு. விடுத்தவற்றைக் கொண்டே பல வேளைகளில் ஆசிரியனின் உள்ளக்கிடக்கையை அறிய முடிகிறது.

இந்நாட்டில் தொடர்பியல் பழம்பெரும் படிப்பன்று. 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில் 1970களின் தொடக்கத்திலேயே இத்துறையைத் தொடங்கியது. மாரா தொழில்நுட்பக் கழகம் 1972இல் தன் மக்கள் தொடர்பியல் பள்ளியை நிறுவியது. அதன் கதவு நம் பிள்ளைகளுக்குத் திறந்ததன்று என்பதை எல்லாரும் அறிவர். வேளாண்மைப் பல்கலைக்கழகமாக 1971இல் உருவாகி, பின்னர் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற நிறுவனம் வளர்ச்சித் தொடர்பியலுக்கு இடமளித்தது. உழவனுக்குப் புதிய விதையைப் பற்றி எவ்வாறு எடுத்துரைப்பது, தாய்க்குத் தடுப்பூசியைப் பற்றி எவ்வாறு விளக்குவது என்பன போன்ற வினாக்களை எழுப்பும் அந்தக் கிளை, பிலிப்பீன்சின் லோசு பானோசு வேளாண் கல்லூரியில் நோரா கெப்ரால் என்னும் பெண்மணியின் சிந்தனையில் முளைவிட்டது. சிங்கப்பூரிலோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் பள்ளி 1992இல்தான் பிறந்தது. 2006 முதல் அப்பள்ளி முன்னாள் அதிபர் வீ கிம் வீயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெருமகனார் 1930இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் எழுத்தராகச் சேர்ந்து, படிப்படியாகச் செய்தியாளராக உயர்ந்தவர். எந்தத் தொடர்பியல் பள்ளியின் வாயிலையும் மாணவராக மிதியாதவர். இம்முரண்பாட்டைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

பாடத்திட்டத்தின் உள்ளே புகுந்து பார்ப்போர்க்கு முதலில் தோன்றுவது வியப்பு. பேச்சுக்கு அங்கு அளிக்கப்பட்டுள்ள இடம் மிகச் சிறிது. முதலாண்டில் கோட்பாடுகள், அவற்றோடு சமூகவியலும் உளவியலும் கலந்து வரும். பின்னர் ஆய்வுமுறை. கருத்துக்கணிப்பு நடத்துவது, கூறெடுப்பது, ஓராண்டுச் செய்தித்தாள்களைப் பிரித்து வைத்து எதைப்பற்றி எத்தனை பத்தி எழுதினர் என்று எண்ணிப் பார்க்கும் உள்ளடக்கப் பகுப்பாய்வு, அதற்கு வேண்டிய புள்ளியியல் ஆகியன அதில் அடங்கும். கணக்குக்கு அஞ்சிக் கலைப்பிரிவுக்கு வந்த மாணவர் இங்கே கணக்கிடமே அகப்பட்டுக்கொள்கின்றனர். அடுத்துச் சட்டம் வரும். 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம், 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம், 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் ஆகியவற்றை அறியாமல் இந்நாட்டில் ஒருவன் செய்தி எழுதப் புகுவது, நீச்சல் அறியாதவன் கிள்ளான் ஆற்றில் இறங்குவதை ஒக்கும். இவற்றுக்குப் பின்னரே இதழியல், ஒலிபரப்பு, விளம்பரம், மக்கள் உறவு, திரைப்படம் எனக் கிளைகள் பிரியும். முடிவில் சில மாதங்கள் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சி பெறவேண்டும்.

ஆகவே, 'பேசுவதற்குப் படிப்பா' என்னும் வினாவுக்கு நேர்விடை 'இல்லை' என்பதே. கேட்போனை அறிவதற்கான படிப்பு இது. அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாசுவெல் 1948இல் வகுத்த வாய்பாட்டை இப்படிப்பின் அரிச்சுவடி எனலாம். யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எவ்வழியாகச் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், அதனால் விளைவது என்ன என்னும் ஐந்து வினாக்களை அது எழுப்புகிறது. உலகெங்கும் தொடர்பியல் மாணவர் இதனை நெட்டுருச் செய்கின்றனர். நம் மாணவரும் செய்கின்றனர். ஆனால், தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணிக் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு என்பன அடுத்தடுத்து வருவதை அவர்களுக்கு எவரும் காட்டுவதில்லை.

இதைச் சொன்னவுடன், "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" என்று மார்தட்டும் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட வேண்டா. தொல்காப்பியர் செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தார், வானொலிக்கு வகுக்கவில்லை. நான் கூற வருவது வேறு. லாசுவெலின் ஐந்து வினாக்களில் களனும் காலமும் இல்லை. எங்கே, எப்போது சொல்லப்பட்டது என்பதை அவ்வாய்பாடு தனியே கேட்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், ஒரு தமிழ் மாணவன் அயல்நாட்டுக் கோட்பாட்டை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், அதன் குறையையும் கண்டு கேள்வி எழுப்பும் துணிவு பெறுவான். கல்லூரி தரத்தக்க பயன்களுள் அதைவிடப் பெரிது உண்டோ?

இன்னோர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். 1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் லாசார்சுபெல்டும் அவர்தம் துணைவரும் ஓர் ஆய்வு நடத்தி, அதனை 1944இல் நூலாக வெளியிட்டனர். வானொலியும் செய்தித்தாளும் மக்களின் வாக்கை நேரே மாற்றிவிடுகின்றன என்று எதிர்பார்த்துச் சென்றவர்கள் வேறொன்றைக் கண்டனர். மக்கள் தமக்கு அறிமுகமான, தாம் மதிக்கும் சிலரின் சொல்லைக் கேட்டே முடிவு செய்தனர்; அச்சிலரே செய்தித்தாளை ஊன்றிப் படித்தனர். செய்தி இரண்டு படிகளில் இறங்கி வருகிறது என்னும் கோட்பாடு இவ்வாறு பிறந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. அங்கு ஒரேயொரு தமிழ் நேசன் பிரதி வரும்; அதுவும் ஒரு நாள் தாமதித்து வரும். மாலையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அதைக் கோயில் திண்ணையில் அமர்ந்து வாய்விட்டுப் படிப்பார். பால்மரம் வெட்டிக் களைத்து வந்தவர்கள் சுற்றி அமர்ந்திருப்பார்கள். விலைவாசிச் செய்தியை அவர் இரண்டு முறை படிப்பார். வெளிநாட்டுச் செய்தியைச் சுருக்குவார். தோட்டத் துண்டாடலைப் பற்றி ஏதேனும் வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தின் முகத்தைப் பார்ப்பார். மண்டோர் அங்கு நின்றால் குரலைத் தாழ்த்துவார். கோட்பாட்டின் பெயர் அவருக்குத் தெரியாது. ஈரி மாவட்டத்தில் அறிஞர்கள் தேடிக் கண்டதை எங்கள் திண்ணையில் எவரும் தேடாமலே காணலாம். நம் பாடத்திட்டத்தில் ஈரி உண்டு. தோட்டத்துத் திண்ணை இல்லை.

அதுமட்டுமன்று. கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியதும், 1950களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை நடத்தி ஒரு தலைமுறை எழுத்தாளரை உருவாக்கியதும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் நிலைபெற 'தமிழ் எங்கள் உயிர்' என்று முழங்கி எளிய மக்களிடம் நிதி திரட்டியதும் மக்கள் தொடர்பின் வெற்றி வரலாறுகள் அல்லவா? ஒரு நாளிதழ் தன் வாசகரிடம் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத் துறைக்குத் துணை நின்றது எவ்வாறு, எந்தச் சொல் அவர்களை அசைத்தது, யார் வீடு வீடாகச் சென்றனர் என்று ஆராய்ந்தால் ஒரு பருவத்துக்கான பாடம் கிடைக்கும். சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950ஐ ஒட்டித் தமிழ் நேசனில் நடத்திய கதை வகுப்பு இன்னொரு பாடம். தபால் வழியே, நாளிதழின் பக்கங்களிலேயே எழுத்துக் கலையைக் கற்பித்த முயற்சி அது. இப்பெயர்களில் ஒன்றையேனும் கேள்விப்படாமல் ஒரு தமிழ் மாணவன் தொடர்பியலில் பட்டம் பெற்று வெளியேறிவிடலாம்.

இங்கேதான் வீ கிம் வீயின் பெயர் எழுப்பிய முரண்பாடு விடை தேடுகிறது. அவரும் சாரங்கபாணியும் பட்டம் பெற்றா இதழாளர் ஆயினர்? இல்லையே, பின் பட்டம் எதற்கு என்று கேட்போர் உளர். என்னுடன் பணியாற்றிய மூத்தோர் பலரும் அவ்வாறு கேட்டதுண்டு. எனக்கும் இளமையில் அதுவே கருத்து. இப்பொழுது மாற்றிக்கொண்டேன். அம்முன்னோர்க்குக் கல்லூரி இல்லாமல் இல்லை. செய்தி அறையே அவர்களுக்குக் கல்லூரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மூத்த துணையாசிரியர் என் முதல் செய்தியைச் சிவப்பு மையால் அடித்து, மூன்றாம் பத்தியை முதற் பத்தியாக்கி, ஒன்றும் பேசாமல் மேசையில் எறிந்தார். அவ்வாறு ஓராண்டு எறிந்தார். இன்று எந்தத் தமிழ்ச் செய்தி அறையில் அவ்வாறு எறிவதற்கு ஓர் ஆள் இருக்கிறார்? இருக்கும் மூவர் ஐவர் வேலையைச் செய்கின்றனர். தமிழ் நேசனே, 1924இல் தொடங்கி 95ஆம் ஆண்டில் நடைபோட்ட நிலையில், 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. பட்டறை மூடிய பின்னர்ப் பயிற்சியை வேறோரிடத்தில்தான் தேடவேண்டும். நாம் விரும்பினும் விரும்பாவிடினும் அவ்விடம் கல்லூரியே.

கல்லூரியோ அப்பயிற்சியைத் தமிழில் தருவதில்லை. விரிவுரை மலாயிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும். செய்தியும் விளம்பர வாசகமும் அவ்விரு மொழிகளிலேயே எழுதப்படும். அதில் தவறில்லை, நாட்டின் நடைமுறை அது. ஆனால், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் ஊடகவியல் துறையும் ஒரே புலத்தின் கீழ் இயங்குகின்றன. முன்னதில் தமிழ் உண்டு. பின்னதில் தொழில் உண்டு. ஒரு கூரையின் கீழ் உள்ள இரண்டும் கூடித் 'தமிழில் செய்தி எழுதுதல்' என்று ஒரே ஒரு பாடத்தை எல்லாத் தொடர்பியல் மாணவர்க்கும் விருப்பப் பாடமாக நிலைநிறுத்தினால் அரசின் கருவூலம் வற்றிவிடாது.

இக்குறையால் நேர்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒருமுறை எங்கள் நாளிதழில் ஓர் இடத்துக்கு இருவர் விண்ணப்பித்தனர். ஒருவர் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவர். மற்றவர் தொடர்பியல் பட்டதாரி. அடுக்குமாடி வீடொன்றில் தீப்பிடித்ததைப் பற்றிய மலாய்ச் செய்தியைத் தந்து தமிழில் எழுதச் சொன்னோம். தமிழ்ப் பட்டதாரி தீயின் கொடுமையை அழகாக வருணித்து, எந்த மாடி, எத்தனை பேர் என்பதை இறுதி வரியில் வைத்தார். தொடர்பியல் பட்டதாரி முதல் வரியிலேயே யார், எங்கே, எப்போது என்று சரியாகத் தொடங்கினார். ஆனால், வாக்கியங்கள் மலாய் உடம்புக்குத் தமிழ்ச் சட்டை போட்டவைபோல் இருந்தன. 'தீயணைப்பு வீரர்களால் மீட்கப்படுதல் செய்யப்பட்டனர்' என்னும் வரி இன்னும் என் நினைவில் உள்ளது. அவர் தமிழைப் பயன்படுத்தும் வாய்ப்பு எஸ்.பி.எம். தேர்வோடு முடிந்துவிட்டது, குற்றம் அவருடையதன்று. நிருவாகம் இருவரையும் எடுத்து ஒருவர்க்கொருவர் கற்பிக்கச் செய்திருக்கலாம். முன்னவரை எடுத்தது. பின்னவருக்கு விளம்பரம் சேர்க்கும் வேலை தருவதாகச் சொன்னது, அவர் வரவில்லை. அவர் கேட்ட ஊதியத்தைக் கேட்டு எங்கள் மேலாளர் நகைத்ததும் எனக்குத் தெரியும். கல்லூரியை மட்டும் குறை கூறிவிட்டு நம் பத்திரிகை உலகத்தைத் தப்பவிடுதல் நேர்மையாகாது.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கும் பொதுவிடங்களில் பிழையான மொழிபெயர்ப்புகள் தோன்றி மக்கள் முறையிட்ட நிகழ்வுகள் உண்டு. மொழிபெயர்ப்புத் தரத்தை உயர்த்துவதற்கென 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்டது. தமிழ் அறிந்தவரும் தொடர்பியல் அறிந்தவரும் ஒருவராகவே இருக்கவேண்டிய தேவை அங்கு ஓர் அரசுக்கே தோன்றியுள்ளது என்று இதை நான் பொருள் கொள்கிறேன்.

பிழைப்பைப் பற்றிய வினாவுக்கு வருவோம். தமிழ் ஊடகத்தை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை இப்படிப்புக்கு அனுப்புவது தகாது. அரசு வானொலியின் மின்னல், தனியார் வானொலி, தொலைக்காட்சி, சில நாளிதழ்கள், சிங்கப்பூரில் முரசும் ஒலியும் வசந்தமும் என எண்ணிப் பார்த்தால் நாற்காலிகளின் தொகை விளங்கிவிடும். ஆயினும், இப்பட்டம் பெற்றோர்க்கு வெளியே இடம் உண்டு. வங்கி, மருத்துவமனை, விமான நிறுவனம், அரசுத் துறை, தொண்டு நிறுவனம் ஆகிய ஒவ்வொன்றிலும் வெளியுலகுக்கு எடுத்துரைக்க ஒரு பிரிவு இருக்கிறது. விளம்பர நிறுவனங்கள் வாசகம் எழுத ஆள் தேடுகின்றன. சந்தை ஆய்வு நிறுவனங்களுக்குக் கணிப்பு நடத்தத் தெரிந்தவர் வேண்டும். புள்ளியியலை வெறுத்த மாணவன் இங்கே வருந்துவான். மருத்துவப் பட்டம்போல் இப்பட்டம் தானே கதவைத் திறக்காது. நேர்முகத்துக்குச் செல்பவனிடம், "நீ இதுவரை செய்தவற்றைக் காட்டு" என்றே கேட்பார்கள். படிக்கும்போதே எழுதிய செய்தி, எடுத்த குறும்படம், நடத்திய கணிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வைத்தவனுக்கு வழி பிறக்கும். மதிப்பெண் தாளை மட்டும் நீட்டுபவன் வரிசையில் நிற்பான். நண்பர் கேட்டாரே, கையில் என்ன இருக்கும் என்று. அந்தக் கோப்புத்தான் இருக்கும்.

நண்பரின் மகள் அப்படிப்பிலேயே சேர்ந்தாள். அவள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தது. அவளுடைய பாட்டி அங்கே தனியே குடியிருந்தார். ஆற்றின் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டியது என்னும் மலாய்ச் செய்தி எண்களோடு கைப்பேசிகளில் சுற்றியது. பாட்டியின் கைப்பேசிக்கும் வந்தது. பாட்டி அதைப் பார்த்தார்; எடுத்து வைத்துவிட்டுச் சோறு வடித்தார். அவரை வீட்டைவிட்டு எழுப்பியது எதிர்வீட்டு மாடியிலிருந்து வந்த ஒரு குரல். "ஆத்தா, தண்ணி உங்க வாசப்படிக்கு வந்திருச்சு, மேல ஏறுங்க!" என்று அந்த அம்மாள் கத்தினாராம். மீட்டரும் அபாய அளவும் அறியாத கிழவிக்கு வாசற்படி தெரியும்.

அந்தப் பெண் இதையே தன் பருவக் கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டாள். அண்டை வீடுகளில் முப்பது பேரைக் கண்டு, எந்தச் செய்தி எப்போது எவ்வழியாக வந்தது, எதைக் கேட்டு எழுந்தீர்கள் என்று வினவி எழுதினாள். ஈரி மாவட்டத்து ஆய்வையும் சுட்டியிருந்தாள். ஆசிரியர் நல்ல மதிப்பெண் தந்தார். ஆனால், தமிழில் எழுதியிருந்த வாக்கியங்களையெல்லாம் எடுத்துப் பின்னிணைப்பில் வைக்கும்படி ஓரத்தில் குறித்திருந்தார். அவ்வாறே வைக்கப்பட்டன. கட்டுரையின் உடலில், நீர் உயர்வதை அண்டைவீட்டார் தெரிவித்தனர் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் எஞ்சியது.

இன்று அவள் ஒரு தனியார் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருக்கிறாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறாள். நீரிழிவு பற்றிய ஒரு தமிழ்த் துண்டறிக்கையை, கேட்பார் இல்லாமலே, தானாக எழுதித் தந்ததாகச் சொன்னாள். வேலை உறுதியான செய்தியைக் கூற அண்மையில் தந்தையும் மகளும் மறுபடியும் என் இல்லம் வந்தனர். பழைய கட்டுரையின் பிரதியையும் எனக்குக் காட்டக் கொண்டுவந்திருந்தாள். நான் தேநீர் கொண்டுவர உள்ளே சென்று திரும்பியபோது அது நண்பரின் கையில் இருந்தது. ஆங்கிலப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே சென்றவர் பின்னிணைப்பில் நின்றார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் தோட்டத்து ஆசிரியரைப்போல, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.